ஆறாவது டெர்மினல்

தாராவியில் ஒரு தோல் கிடங்கில் சர்வரைக் கவனித்துவந்தேன். அதோடு இணைந்த டெர்மினல்களில் ஐந்தாவது பழுது. அதன் லாகினை நிறுத்தப்போய், செட்டிங்கில் ஆறாவதை நிறுத்திவிட்டேன்.

ஆறாவதில் உட்காருபவர் காதர் பாய். "லாகினே வரமாட்டேங்கு மொதலாளி" என்றார். உடனே என் தவறு எனக்குப் புரிந்தது. பயத்தில் வாயைத் திறக்கவில்லை.

"வேலை செய்யாம பொய்யால சொல்லுத?"

முதலாளி அவர் தலைமுடியைப் பிடித்து முகத்தை மேஜையில் மோதினார். மூக்கு உடைந்து கீபோர்டெல்லாம் ரத்தம். மறுபடி மோத இழுத்தபோதுதான் கத்தினேன்.

"தப்பு என்னுது! நான்தான் நிறுத்தினேன்!"

அடுத்த அறை எனக்கு விழுந்தது.

ஆஸ்பத்திரிக்குப் போகும் ஆட்டோவில் காதர் பாய் என் கையைப் பிடித்துக்கொண்டார். "நீ சொல்லலேன்னா என்னைக் கொன்னுருப்பான் தம்பி."

முதல் அடிக்கு முன்பே எனக்குத் தெரியும் என்பதை அவரிடம் இன்றுவரை சொல்லவில்லை. இங்கே எழுதுவதும் அவரிடம் சொன்னதாகாது.