ஒரு அங்குலமும் டீ ஜன்னலும்

பதுளையில் கதவு, ஜன்னல் செய்யும் கம்பெனி ஒன்றில் டீ ஊற்றும் வேலை பார்த்தேன். அதற்கு முன் தோட்டத்தில் கொழுந்து பறித்தேன். மலையில் இருந்தவரை என் கூச்சம் யாருக்கும் தொந்தரவாக இல்லை. தேயிலைச் செடி திருப்பிப் பேசாது. கம்பெனியில் பத்துப் பதினைந்து ஆம்பளைகளுக்கு முன்னால் தட்டைத் தூக்கிக்கொண்டு போகவேண்டும் என்றதும் கால் பின்னிக்கொண்டது. நல்ல வேளையாக, டீ அறைக்கு மரக்கதவு போட்ட ஒரு சின்ன ஜன்னல் இருந்தது. அது வழியாகக் கோப்பையை நீட்டிவிடுவேன். அங்கே பல பேருக்கு என் கையைத் தெரியும், முகத்தைத் தெரியாது.

இரண்டு பேர் மட்டும் கோப்பையை வாங்கிக்கொண்டு அங்கேயே நின்று பேசுவார்கள். ஒருவர் படம் வரைகிற மாஸ்டர். வீடுகளுக்குப் போய் சுவரில் அளவெடுத்து, தாளில் ஜன்னலை வரைந்து, அளவை எழுதிக்கொடுப்பார். இன்னொருவர் தலைமைத் தச்சர். எங்கள் பக்கம் தச்சரைப் பாஸ் என்போம். மாஸ்டர் எழுதியதைப் பார்த்து மரம் அறுப்பார்.

மாஸ்டர் காலையில் வருவார்.

“அக்கா, இந்த மனுசன் எந்த மரத்த அறுத்தாலும் ஒரு இன்ச் கூட வச்சித்தான் அறுக்கிறாரு. சொன்னா சண்டை. அதனால நான் ஒரு இன்ச் கொறைச்சே எழுதிர்றது. மொதலாளிக்குத் தெரிஞ்சா தொலைஞ்சேன். சொல்லிறாதீங்க.”

பாஸ் பத்து மணிக்கு வருவார்.

“அக்கா, மாஸ்டரு கண்ணாடிய மாத்தணும். எழுதுற அளவெல்லாம் ஒரு இன்ச் கொறைச்சல். பாவம், புள்ளகுட்டிக்காரன்னு நான்தான் சத்தமில்லாம ஒன்னு சேர்த்து அறுக்கிறேன். வெளிய தெரிய வேணாம்.”

என்னிடம் போய் ‘சொல்லாதே’ என்று சொல்வானேன்? ‘சீனி போடவா’ என்று கேட்கவே எனக்கு மூன்று மாசம் ஆனது. ஒருவர் குறைக்க, மற்றவர் கூட்ட, ஜன்னலெல்லாம் சுவரில் அழகாக உட்கார்ந்தன. வருஷக்கணக்கில் ஒரு பிழையும் வரவில்லை. நானும் பேசாமல் இருந்தேன்.

அப்போதுதான் முதலாளியின் மகள் கொழும்பில் படிப்பும் வேலையும் போதும் என்று வந்து சேர்ந்தது. நாங்கள் மிஸ் என்று கூப்பிடுவோம். குடித்த கோப்பையைத் தானே கழுவி வைத்த ஒரே ஆள் அந்தப் பிள்ளைதான். வரும்போது ஒரு கம்ப்யூட்டரையும் அதில் போடுகிற ஒரு சாமானையும் கொண்டு வந்தது. அளவைத் தட்டினால் போதும். ஜன்னலை அதுவே வரைந்து, எந்த மரத்தை எவ்வளவு நீளத்துக்கு அறுக்கவேண்டும் என்று பட்டியலும் அடித்துக் கொடுக்கும்.

முதலாளி எல்லாருக்கும் முன்னால் சொன்னார்:

“மூனு ஆர்டர் பாப்பேன். சரிவரலைன்னா இதத் திருப்பி அனுப்பிட்டு, நீயும் கொழும்புக்கே போயிரு.”

அந்தப் பிள்ளை அன்றைக்குக் கோப்பையைக் கழுவிக்கொண்டே சொன்னது: “எனக்கு அங்க போக இஷ்டமே இல்ல அக்கா. ஒரு ஜன்னல் கூடத் தொறக்க முடியாத ரூம்ல இருந்தேன்.” நான் கோப்பையை வாங்கித் துடைத்து வைத்தேன்.

நல்ல நேரம் பார்த்துத் தேங்காய் உடைத்தோம். முதலாளி தன் கையால் கம்ப்யூட்டர் திரைக்குச் சந்தனம், குங்குமம் வைத்தார். பிறகு மாஸ்டர் இரண்டு நாள் அளவைத் தட்டிக்கொண்டே இருந்தார், படம் வரவில்லை. மிஸ் வந்து பார்த்தால், ‘வரை’ என்று அமுக்குகிற இடம் பொட்டுக்கு அடியில் இருந்தது. மாஸ்டருக்கும் அது தெரியும். வெள்ளிக்கிழமையில் வைத்த பொட்டை அழிக்க அவருக்கு மனசு வரவில்லை.

முதல் ஆர்டர் லுணுகலையில் ஒரு கடைக்காரர் வீடு. மிஸ் பக்கத்தில் நின்று பார்த்ததால், மாஸ்டர் உள்ளபடி நாற்பத்தெட்டு அங்குலம் என்று தட்டினார். பட்டியல் வந்தது. பாஸ் வழக்கம்போல் ஒன்று சேர்த்து அறுத்தார். ஜன்னல் சுவருக்குள் போகவே இல்லை. நாலு பேர் தோள் கொடுத்துத் தள்ளியதில் சுவர்ப் பூச்சுதான் விழுந்தது.

திரும்பி வந்ததும் இரண்டு பேருக்கும் பயம். ஆனால் ஒருவருக்கொருவர் மூச்சு விடவில்லை. அடுத்த ஆர்டருக்கு மாஸ்டர் பழையபடி ஒன்று குறைத்துத் தட்டினார். பாஸோ, இனிக் கூட்டவே கூடாது என்று பயந்து, அதற்கும் மேலே ஒன்று குறைத்து அறுத்தார். இந்தத் தடவை ஜன்னல் உள்ளே போனது. போய், அந்தப் பக்கம் விழுந்தது. எடுத்து மறுபடி நிறுத்தியதும், அந்த வீட்டுப் பூனை ஜன்னலைத் திறக்காமலே ஓரமாக வந்து போனதாம்.

முதலாளி முற்றத்தில் எல்லாரையும் நிறுத்தினார்.

“ஒரு தடவ பெருசு, ஒரு தடவ சிறுசு. இது கம்ப்யூட்டரா, பதுளை மழையா?”

“இன்னும் ஒரு ஆர்டர் இருக்கே அப்பா.”

“கொஸ்லந்தையில பங்களாவுக்கு இருபது ஜன்னல். அதையும் கெடுக்கவா? நாளைக்கே பெட்டியில போட்டு அனுப்பு. நீயும் உடுப்ப அடுக்கு.”

மாஸ்டர் வானத்தைப் பார்த்தார். பாஸ் செருப்பைப் பார்த்தார். அந்தப் பிள்ளையின் கண் கலங்கியது. நான் ஓடிப்போய் டீ ஜன்னலின் கதவைப் பாதி சாத்திக்கொண்டு, அதன் பின்னால் குனிந்து நின்று சத்தம் போட்டேன்.

“கம்ப்யூட்டர் மேல பிழை இல்லீங்க ஐயா!”

“யாரது?” என்றார் முதலாளி.

“நான்தாங்க.”

“நான்னா யாரு?”

“டீ.”

முற்றமே ஜன்னல் பக்கம் திரும்பியது. நான் இன்னும் குனிந்தேன்.

“மாஸ்டரு ஒரு இன்ச் கொறைப்பாருங்க. பாஸ் ஒரு இன்ச் கூட்டுவாருங்க. எப்பவும் அப்படித்தாங்க. நடுவுல கம்ப்யூட்டர் வந்ததும் கணக்கு கொழம்பிருச்சுங்க.”

“அக்கா!” என்று இரண்டு பேரும் ஒரே குரலில் கத்தினார்கள்.

“அவரு கூட்டுனதாலதான் ஐயா நான் கொறைச்சேன்!”

“அடப்பாவி, நீ கொறைச்சதாலதானே நான் கூட்டுனேன்!”

“மொதல்ல ஆரம்பிச்சது யாருய்யா?” என்றார் முதலாளி.

“நீங்கதான்!” என்று மாஸ்டர் பாஸைக் கைகாட்டினார்.

“கண்ணாடி போட்டவன் நானா நீயா?” என்றார் பாஸ்.

முதலாளி தலையில் கை வைத்தபடி தண்ணீர்த் தொட்டித் திண்டின் மேல் உட்கார்ந்துவிட்டார். தோள் குலுங்கியது. அழுகிறார் என்று பயந்தேன். சிரித்துக்கொண்டிருந்தார்.

மிஸ் மட்டும் சிரிக்கவில்லை. பாஸிடம் போய்ப் பணிவாகக் கேட்டது.

“அறுத்த மரத்தச் சீவி வழவழப்பாக்குறதுக்கு உண்மையிலேயே எவ்வளவு கூட வேணும் பாஸ்?”

அவர் தாடையைச் சொறிந்து, “கா இன்ச் போதும் மிஸ்,” என்றார். அத்தனை வருஷத்தில் அவரிடம் அதைக் கேட்ட ஆள் இல்லை. அந்தக் கால் அங்குலத்தைக் கம்ப்யூட்டருக்குள்ளேயே போட்டுவிட்டார்கள். இனிமேல் பட்டியலில் வரும் அளவில் யாரும் கை வைக்கக்கூடாது என்று முதலாளி சட்டம் போட்டார். கொஸ்லந்தை ஜன்னல் இருபதும் சுத்தியல் அடியே இல்லாமல் உட்கார்ந்தன. மிஸ் உடுப்பை அடுக்கவில்லை. மாஸ்டரும் பாஸும் ஒரு கிழமை, ஏழு நாளும், என் டீயைக் குடிக்காமல் கோபமாக இருந்தார்கள். பிறகு சேர்ந்தே வந்தார்கள், என்னைப் பற்றிப் புகார் சொல்ல. அதையும் என்னிடம்தான் சொன்னார்கள்.

கம்ப்யூட்டர் நிலைத்ததும் மிஸ் எல்லாவற்றுக்கும் பட்டியல் அடிக்க ஆரம்பித்தது. யாருக்கு எத்தனை கரண்டி சீனி என்று ஒன்று அடித்து டீ அறைச் சுவரில் ஒட்டியது. முதலாளிக்கு அரைக் கரண்டி. அவருக்குச் சீனி வியாதி.

மறுநாள் முதலாளி மெதுவாக ஜன்னலுக்கு வந்தார். இரண்டு பக்கமும் பார்த்தார்.

“அக்கா, ஒரு கரண்டி கூடப் போடுங்க. மகளுக்குத் தெரிய வேணாம்.”

நான் ஜன்னல் கதவைச் சாத்தவில்லை. குனியவும் இல்லை. அவர் முகத்தைப் பார்த்தே சொன்னேன்.

“பட்டியல்ல வர்ற அளவுல யாரும் கை வைக்கக் கூடாதுங்க ஐயா.”