வழிமொழிய ஆளில்லாத தீர்மானம்

செங்குளம்பட்டி சந்தை முக்கில் வடைக் கடை வைத்திருந்த சொர்ணத்தைப் பஞ்சாயத்து உறுப்பினராக்கினார்கள் என்றால், அவள் நன்றாகப் பேசுவாள் என்பதற்காக அல்ல. பேசமாட்டாள் என்ற நம்பிக்கையில்தான். தேர்தலில் பெண் ஒருத்தியும் ஜெயித்து வராவிட்டால் சபையே ஒருத்தியைச் சேர்த்துக்கொள்ள வேண்டும் என்று சட்டம் இருந்தது. தலைவர் ராசு நாலைந்து பெயர்களை யோசித்துப் பார்த்தார். சொந்தக்காரியைப் போட்டால் ஊர் பேசும், படித்தவளைப் போட்டால் கேள்வி கேட்பாள். காலையில் கடைக்கு வந்து இரண்டு ஆமவடையைத் தின்றுகொண்டே, "ஏம்மா சொர்ணம், மாசம் ஒரு தடவ ஆபீசுக்கு வந்து ஒக்காந்துட்டுப் போனாப் போதும். கையெழுத்துப் போடத் தெரியுமில்ல?" என்று கேட்டார். தெரியும் என்றாள். அவ்வளவுதான், அறுபதாம் வருஷம் அவள் மெம்பர் ஆனாள்.

அவள் புருஷன் மலையாண்டிக்கு இது பெரிய வேடிக்கையாக இருந்தது. மாவாட்டிக் கொடுத்துக்கொண்டே, "மெம்பரம்மா, கடலப்பருப்பு ஊறிருச்சா?" என்பான். அவளும் சிரிப்பாள். கூட்டத்தன்று வெளுத்த சேலை ஒன்றைக் கட்டிக்கொண்டு போய், கடைசி நாற்காலியின் நுனியில் உட்கார்ந்து, தெருவிளக்கு, குளத்து மீன் ஏலம் என்று அவர்கள் பேசுவதையெல்லாம் கேட்டுவிட்டு, காட்டிய இடத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு வருவாள்.

அப்படிக் காட்டிய இடத்தில் அவள் போட்ட கையெழுத்துகளில் ஒன்று நுழைவுத் தீர்வைக்குப் போட்டது. சீனாக்காரனோடு சண்டை வந்த சமயம். நாடே அவசர நிலையில் இருக்கிறது, நம் ஊர்ச் சரக்கை நாம்தான் காப்பாற்ற வேண்டும், வெளியூரிலிருந்து ஊருக்குள் வரும் எண்ணெய்க்கும் வெல்லத்துக்கும் அவசர நுழைவுத் தீர்வை போட வேண்டும் என்று ராசு எழுந்து நின்று படித்தார். எல்லோரும் மேஜையைத் தட்டினார்கள். சொர்ணமும் தட்டினாள். சண்டைக்கு நம்மால் ஆனது என்றுதான் நினைத்தாள்.

கந்தர்வக்கோட்டை ரோட்டில் ஊர் எல்லையில் மூங்கில் கேட் ஒன்று போட்டார்கள். விருதுநகரிலிருந்து லாரியில் வந்த எண்ணெய் டின்கள் அதில் நின்று தீர்வை கட்ட வேண்டியிருந்தது. கட்டிய தீர்வையைச் சரக்கின் விலையில் ஏற்றினார்கள். கொஞ்ச நாளில் லாரி வருவதையே நிறுத்திக்கொண்டது. ஊருக்குள் எண்ணெய் என்றால் இனி உள்ளூர் முதலாளி ரத்தினவேலின் மில்லில் ஆட்டும் கடலை எண்ணெய்தான். வெளிச் சரக்கு வராதபோது அவர் சொல்வதுதான் விலை. சண்டை நின்றது. கேட் நின்றபடியே நின்றது.

சந்தையைச் சுற்றி அடுப்பு வைத்துப் பிழைத்த பெண்களுக்கு எண்ணெய் இல்லாமல் ஒன்றும் நடக்காது. சொர்ணம் வடையைச் சின்னதாகத் தட்டினாள். காய்ந்த எண்ணெயையே மறுநாளும் மறுநாளும் ஊற்றினாள். அது கறுத்து, தொண்டையைக் காறியது. வழக்கமாகச் சாப்பிடும் வண்டிக்காரர்கள் ஒரு கடி கடித்துவிட்டு மீதியை நாய்க்குப் போட்டார்கள்.

எதிர்த்தாற்போல் மீன் பொரித்து விற்ற செபமாலை வேறு வழி பார்த்தாள். புருஷனை இழந்தவள். கந்தர்வக்கோட்டைச் சந்தையில் எண்ணெய் வாங்கி, தண்ணீர்க் குடத்தில் ஊற்றி, இடுப்பில் வைத்துக்கொண்டு கேட்டைத் தாண்டி வந்துகொண்டிருந்தாள். ஒரு நாள் கேட் காவல்காரன், குடிக்கத் தண்ணீர் கொடு என்று கேட்டுவிட்டான். அவள் தயங்கினாள். அவன் குடத்தைப் பிடித்து இழுத்தான். மண்குடம் ரோட்டில் விழுந்து உடைந்தது. அவள் உட்கார்ந்து, முந்தானையை எண்ணெயில் நனைத்து நனைத்து ஓட்டுச் சில்லுக்குள் பிழிந்துகொண்டிருந்தாள். பஸ் ஒன்று ஹாரன் அடித்தபடி நின்றது. அப்போதும் அவள் எழுந்திருக்கவில்லை. சொர்ணம்தான் ஓடிப்போய்த் தூக்கிவிட்டாள்.

"நீயும் கையெழுத்துப் போட்டவதானக்கா?" என்று கேட்டாள் செபமாலை. கோபமாகக்கூடக் கேட்கவில்லை. அடுத்த வாரம் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு தஞ்சாவூர்ப் பக்கம் சித்தாள் வேலைக்குப் போய்விட்டாள்.

அதற்குப் பிறகு சொர்ணத்துக்குச் சோறு இறங்கவில்லை. பஞ்சாயத்தில் ஓரளவு மனசுக்குப் பட்டதைச் சொல்லுகிறவன் நல்லதம்பி ஒருவன்தான். சைக்கிள் கடை வைத்திருந்தவன், மலையாண்டிக்குத் தம்பி முறை. அவனிடம் போய், "தம்பி, இந்தத் தீர்வைய எடுக்கணும்னா என்ன செய்யணும்?" என்று கேட்டாள்.

"போட்ட சபையே எடுக்கலாம் மதினி. ஒருத்தர் முன்மொழியணும், ஒருத்தர் வழிமொழியணும். அப்பறம் கை தூக்கச் சொல்வாக."

"நான் முன்மொழியறேன். நீங்க வழிமொழிவீங்களா?"

"இதென்ன கேள்வி? எந்திரிச்சு நின்னு சொல்றேன்" என்றான் அவன். வாக்கியத்தை எப்படிச் சொல்ல வேண்டும் என்றும் அவனே சொல்லிக் கொடுத்தான். அவள் வடை தட்டிக்கொண்டே அதை மனப்பாடம் செய்தாள். மற்ற மெம்பர்களையும் வீடு வீடாகப் போய்ப் பார்த்தாள். யாரும் மறுக்கவில்லை. நியாயம்தானே, கொண்டு வாங்க, பார்ப்போம் என்றார்கள். சாயங்காலம் வீட்டுக்கு வரும்போது அவள் நடையே வேறாக இருந்தது என்று மலையாண்டி பிற்பாடு சொல்வான்.

கூட்டத்துக்கு முந்தின சந்தையன்று ரத்தினவேல் கடைக்கு வந்தார். அதுவரை அவர் அங்கே வந்ததில்லை. பெஞ்சைத் தட்டிவிட்டு உட்கார்ந்து ஒரு வடை கேட்டார். முழுசையும் சாப்பிட்டார்.

"எண்ணெ காறுதே சொர்ணம். சொல்லியிருந்தா நான் குடுத்துவிட்டிருப்பேன்ல. ஒனக்கு மட்டும் பழைய வெலைக்கே டின்னு வரச் சொல்றேன். வெளிய சொல்லிக்காத."

"மத்த பொம்பளைங்களுக்கு, மொதலாளி?"

"அவங்க மெம்பரில்லையே" என்றார் அவர். சிரித்த முகம் மாறவே இல்லை.

"எனக்கு மட்டுமின்னா வேணாங்க."

அவர் துண்டில் கையைத் துடைத்துக்கொண்டார். "ராசு தலைவராகுறதுக்கு ஓடுன ஜீப்பு எங்க வீட்டு ஜீப்பு. ஊரு பூரா சோறு போட்டது எங்க வீட்டு அடுப்பு. நீ பாட்டுக்கு ஏதாவது சொல்லி, ஒனக்குத்தான் மனக்கஷ்டமாப் போயிரும். அதுக்காகச் சொல்றேன்" என்றுவிட்டுப் போனார். மிரட்டின மாதிரியே இல்லை.

கூட்டத்தில் அவள் முறை வந்தபோது எழுந்து நின்றாள். மனப்பாடம் செய்ததை ஒரு வார்த்தை விடாமல் சொன்னாள். அவசரம் முடிந்துவிட்டபடியால் அவசர நுழைவுத் தீர்வையை ரத்து செய்ய வேண்டுமென முன்மொழிகிறேன்.

ராசு சுற்றிலும் பார்த்தார். "வழிமொழியறவங்க?"

சொர்ணம் நல்லதம்பியைப் பார்த்தாள். அவன் நாற்காலிக்குக் கீழே குனிந்து செருப்பு வாரைச் சரிசெய்துகொண்டிருந்தான். நிமிரவில்லை. மற்றவர்கள் ஜன்னலைப் பார்த்தார்கள். யாரும் எதிர்த்துப் பேசவில்லை, கேலி செய்யவில்லை.

"வழிமொழிய ஆளில்லாததாலே தீர்மானம் விழுந்துபோச்சு. ஒக்காரும்மா" என்றார் ராசு. அடுத்ததாகச் சாக்கடை விஷயத்துக்குப் போய்விட்டார்கள். கை தூக்கும் வரைகூட அது போகவில்லை.

நல்லதம்பி இரண்டு நாள் கழித்து வந்தான். கடை எதிரில் நின்றானே தவிர உட்காரவில்லை.

"மதினி, சைக்கிள் கட நிக்கிற எடம் மில்லுக்காரர் எடம். போன எலெக்சன்ல எனக்கு நோட்டீசு அடிச்சதும் அவர்தான். ஆளனுப்பிச் சொன்னாரு. நாலு பிள்ளைய வச்சுக்கிட்டு நான் எங்க போவேன்?"

திட்டலாம் என்றுதான் அவளும் வார்த்தைகளைச் சேர்த்து வைத்திருந்தாள். அவன் நின்ற நிலையைப் பார்த்ததும் ஒரு கிளாசைக் கழுவி எடுத்தாள். "தெரியும் தம்பி. டீ குடிச்சுட்டுப் போங்க" என்றாள்.

மறுமாதம் சந்தையில் இடம் மாற்றிக் கொடுத்தார்கள். முக்கில் இருந்த சொர்ணத்தின் கடை மாட்டுத் தொழுவத்துக்குப் பின்னால் போயிற்று. தூக்கி நிறுத்திய பந்தல் கால்களை மலையாண்டி பிடுங்கிக்கொண்டு போய் அங்கே நட்டான். மெம்பரம்மா என்று கூப்பிடுவதையும் அத்தோடு விட்டுவிட்டான்.

அறுபத்தைந்தில் மறுபடி தேர்தல் வந்தது. ராசுவை எதிர்த்து நின்றவர், ஜெயித்தால் முதல் வேலை தீர்வையை எடுப்பதுதான் என்று மைக் வைத்துப் பேசினார். சொர்ணத்துக்குச் செத்துப்போயிருந்த ஆசை மறுபடி துளிர்த்தது. அவருடைய ஊர்வலத்தைப் பார்க்க ரோட்டுக்கு ஓடினாள். கொடி கட்டி வந்தது மில்லு லாரி. காலையில் ராசுவின் ஆட்களை ஏற்றிப் போனதும் அதே லாரிதான். டிரைவர்கூட அதே ஆள். வாயில் வெற்றிலையோடு அவளைப் பார்த்துத் தலையாட்டினான்.

புதியவர் ஜெயித்தார். பெண் மெம்பராக ரத்தினவேலின் மைத்துனி வந்தாள். ஒரு வருஷம் தீர்வை பற்றி மூச்சில்லை. பிறகு ஒரு நாள் சபை கூடி ஐந்து நிமிஷத்தில் அதை ரத்து செய்துவிட்டது. முன்மொழிந்தது அந்த மைத்துனி, வழிமொழிந்தது நல்லதம்பி. கேட்டைப் பிடுங்கும்போது சரவெடி வெடித்தார்கள்.

மலையாண்டி சத்தம் கேட்டதுமே காலி டின்னைத் தோளில் போட்டுக்கொண்டு கிளம்பினான். வெயில் சாயும் நேரம் திரும்பி வந்தான். டின் காலியாகவே இருந்தது.

"என்னாச்சு? லாரி வல்லையா?"

"வந்துச்சு. விருதுநகர் எண்ணெய்க்கு இனி மில்லுக்காரர்தான் ஏசெண்டாம். நேரா மில்லு கொடவுன்லதான் எறக்குறாக. வெல அதே வெலதான்."

சொர்ணம் டின்னை வாங்கி மூலையில் கவிழ்த்து வைத்தாள். தனக்கு ஏன் அழுகை வரவில்லை என்று அவளுக்கே தெரியவில்லை.

தீர்வையை ஒழித்ததற்காக ரத்தினவேலுக்குப் பாராட்டு விழா என்று ஊர் முழுக்க விளம்பரத் தட்டி வைத்தார்கள். விழாவுக்கு முந்தின நாள் நல்லதம்பி தொழுவத்துப் பக்கம் வந்தான். தலையில் நரை விழுந்திருந்தது.

"மதினி, வர்றவங்களுக்கெல்லாம் வட சுடணும். ஒங்ககிட்டதான் சொல்லணும்னு நான்தான் பேசி வச்சேன்."

அந்த வாரம் அவளுக்கு வேறு வியாபாரமே கிடையாது.

"எண்ணெ?"

"மில்லுலேருந்து வந்துரும்."

அவள் கடலைப்பருப்பை நனையப் போடும்படி மலையாண்டியிடம் சொன்னாள். மறுநாள் மேடைக்குப் பின்னால் தட்டிக்கு மறைவில் உட்கார்ந்து பொழுதுக்கும் சுட்டாள். நல்ல எண்ணெய். வடை பொன்னாக வெந்தது. மைக்கில் யாரோ ஏழை எளிய பெண்களின் அடுப்பைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்கள். அடுத்த ஈட்டு வடை எண்ணெயில் விழுந்த சத்தத்தில் அதில் பாதி அவளுக்குக் கேட்கவில்லை.