என் மேலேயே நான் கட்டிய பிராது

என் மகள் அம்பிகா ஏறக்குறைய மூன்று மாதம் வாய் திறந்து ஒரு வார்த்தை பேசவில்லை. அவள் வாயைக் கட்டியது நோய் இல்லை, பேய் இல்லை. நான்தான். இதை எழுதவே வெட்கமாக இருக்கிறது. ஆனால் எங்கள் பக்கத்து முருகன் கொளஞ்சியப்பர் எனக்குச் செய்ததை மறைத்து வைத்தால் அது நன்றி கெட்டதனம். முருகனை நம்பி வாழ்கிற உங்களிடம் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்வேன்?

தொண்ணூறுகளின் தொடக்கத்தில், ஏழு வருஷத்துக்கு முன்னால் நடந்தது இது. விருத்தாசலத்தில் ஒரு செராமிக் கம்பெனியில் எனக்கு வேலை. அச்சிலிருந்து எடுத்த பியூஸ் கட்டைகளைச் சூளைக்கு அனுப்பும் முன் விளிம்பு சீவி, ஈர ஸ்பாஞ்சால் துடைத்துக் கொடுக்க வேண்டும். சுடாத மண். கொஞ்சம் அழுத்தினாலும் விரிசல் விட்டுவிடும். என் கணவர் ஸ்ரீமுஷ்ணம் போகும் தனியார் பஸ்ஸில் கண்டக்டர். எங்களுக்கு அம்பிகா ஒரே பெண். அப்போது மூன்றாம் வகுப்பு. வாய் ஓயாது. பல் விளக்கும்போதுகூடப் பேசுவாள்.

எனக்குக் கோபம் அதிகம். கம்பெனியில் அது யாருக்கும் தெரியாது. சூப்பர்வைசர் எவ்வளவு திட்டினாலும் தலையைக் குனிந்துகொண்டு நிற்பேன். வீட்டுப் படி ஏறியதும் எல்லாம் வெடிக்கும். கையில் கிடைத்ததை எறிவேன். பிள்ளையை அடிப்பேன். பிறகு அவளையே மடியில் போட்டுக்கொண்டு அழுவேன். மறுநாள் மறுபடியும் அதேதான்.

அந்த ஐப்பசியில் விட்டு விட்டு மழை. கட்டைகள் காயவே இல்லை. ஒரு பலகை நிறைய விரிசல் விட்டுவிட்டது. சூப்பர்வைசர் உடைந்த துண்டு ஒன்றை என் கையில் கொடுத்து, எல்லாருக்கும் முன்னால் நிற்க வைத்தார்.

"இது கையா, இல்ல ஒலக்கையா? வேல தெரியலன்னா வூட்டுலயே கெடக்க வேண்டியதுதான?"

பக்கத்தில் இருந்த பெண்கள் சிரித்தார்கள். 

சாயங்காலம் வீட்டுக்கு வந்தேன். அம்பிகா ஓடி வந்து புடவையைப் பிடித்துக்கொண்டாள். "அம்மா, அம்மா, இன்னைக்கு ஸ்கூலுல என்னா நடந்துச்சி தெரியுமா?"

"சும்மா இரு" என்றேன். அவள் விடவில்லை. "கேளும்மா, கேளேன்" என்று முந்தானையை இழுத்தாள். தண்ணீர் குடித்துக்கொண்டிருந்த பித்தளைச் சொம்பை அப்படியே எறிந்தேன். அது அவள் புருவத்துக்கு மேலே பட்டது. ரத்தம் வழிந்தது. அதைப் பார்த்தும் என் ஆத்திரம் அடங்கவில்லை.

"இனிமே உன் வாயிலேர்ந்து ஒரு வார்த்தை வந்துச்சி, நாக்க அறுத்துடுவேன்!"

அவள் அழவில்லை. நெற்றியில் கையை வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தாள். அவ்வளவுதான். அடுத்த வீட்டிலிருந்து என் நாத்தனார் வசந்தா ஓடி வந்து பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனாள். மூன்று தையல்.

முதல் இரண்டு நாள் நான் கவனிக்கவே இல்லை. அடங்கிப் போயிருக்கிறாள், நல்லதுதான் என்றுகூட நினைத்தேன். ஐந்தாம் நாள் டீச்சர் கூப்பிட்டு அனுப்பினார்.

"பேரு கூப்பிட்டா 'உள்ளேன்'னுகூட சொல்ல மாட்டேங்குதும்மா. வூட்டுல எதுனா நடந்துச்சா?"

"கீழ வுழுந்துட்டா டீச்சர்" என்று பொய் சொன்னேன்.

டாக்டரிடம் காட்டினோம். தொண்டையிலும் காதிலும் ஒரு குறையும் இல்லை, பயந்திருக்கிறாள், விட்டுப் பிடியுங்கள் என்றார். வசந்தா சொல்லி என் கணவருக்கு எல்லாம் தெரிந்துவிட்டது. அவரும் என்னோடு பேசுவதை நிறுத்திவிட்டார். வீட்டில் பாத்திரச் சத்தம் மட்டும்தான் கேட்டது.

மிட்டாய் வாங்கிக் கொடுத்தேன். காலைப் பிடித்துக் கெஞ்சினேன். ஒருநாள் பொறுக்க முடியாமல் தோளைப் பிடித்து உலுக்கி, "பேசுடி, பேசுடி" என்று கத்தினேன். அவள் கண்களை இறுக்கி மூடிக்கொண்டாள். ஸ்கூல் விட்டதும் நேரே வசந்தா வீட்டுக்குப் போய்விடுவாள். அங்கேயும் பேச்சு இல்லை. ஆனால் வசந்தாவின் மடியில் படுத்திருப்பாள். ஜன்னல் வழியாக அதைப் பார்க்கும்போது எனக்கு வயிறு எரியும்.

தெருவில் ஒருத்தி காதோடு சொன்னாள்: "பிள்ள இல்லாத பொம்பள. உன் பொண்ண மயக்கி வச்சிக்கினா. வாயக் கட்டிட்டா."

அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன். நம்பியதால் இல்லை. நம்பினால் நான் தப்பித்துக்கொள்ளலாம் என்பதால்.

ஆனாலும் தப்பிக்க முடியவில்லை. ஒருநாள் வேலை முடிந்து வரும்போது மணிமுத்தாறு பாலத்தில் நின்றுவிட்டேன். கீழே மழைத் தண்ணீர் கலங்கலாக ஓடியது. இந்தப் பிள்ளைக்கு நான் இல்லாமல் இருப்பதே நல்லது என்று தோன்றியது. "யம்மா, ஓரமா போ, பஸ்ஸு வருது!" என்று யாரோ கத்தினார்கள். நகர்ந்தேன். வாயில் தானாக வந்தது: "கொளஞ்சியப்பா, எனக்கு வேற கதி இல்ல."

மறுநாள் மணவாளநல்லூருக்கு நடந்தேன். கொளஞ்சியப்பர் கோயிலில் பிராது கட்டுவது எங்கள் பக்கத்து வழக்கம். நமக்குத் தீங்கு செய்தவர் யார், என்ன செய்தார் என்று தாளில் எழுதி, சாமியின் பாதத்தில் வைத்து, அங்கேயே இருக்கும் முனியப்பர் சூலத்தில் கட்டிவிட்டு வர வேண்டும். மூன்று மாதத்தில் முருகன் தீர்ப்புக் கொடுப்பான். வசந்தா மேல் கட்டத்தான் போனேன்.

எனக்கு எழுத்துக் கோணலாக வரும். அங்கே எழுதிக் கொடுப்பவர் ஒருவர் இருந்தார். "நடந்ததச் சொல்லும்மா" என்றார். சாமி வாசலில் பொய் வரவில்லை. சொம்பு, ரத்தம், அந்த வார்த்தை, தையல் எல்லாம் சொன்னேன், செய்தது யார் என்பதை மட்டும் விட்டுவிட்டு. கடைசியில், நாத்தனார்தான் பிள்ளையைப் பிரித்துவிட்டாள் என்றேன். அவர் எழுதியதை அப்படியே படித்துக் காட்டினார். 'வாயிலிருந்து ஒரு வார்த்தை வந்தால் நாக்கை அறுத்துவிடுவேன் என்று குழந்தையை மிரட்டியதால்' என்ற இடத்தில் நிமிர்ந்தார்.

"இதச் சொன்னது உங்க நாத்தனாருதான? அவங்க பேரப் போட்டுடட்டா?"

 ஆமாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். சந்நிதிப் பக்கம் பார்த்தேன். முடியவில்லை.

"இல்லீங்க. அது நான்."

"அப்ப பிராது யாரு மேல?"

"எம் பேரையே போடுங்க" என்று சொல்லிவிட்டு அங்கேயே உட்கார்ந்து கதறினேன்.  அவர் என் பெயரை எழுதி, தாளைக் கையில் கொடுத்தார். 'இவளுடைய கோபத்திலிருந்து என் பிள்ளையைக் காப்பாற்று' என்று வேண்டி, அந்தத் தாளைச் சூலத்தில் கட்டினேன்.

அன்றே பிள்ளை பேசிவிடவில்லை. முருகன் முதலில் என் மேல்தான் கை வைத்தான். திரும்பியதும் வசந்தாவிடம் போய், "உன்மேல பிராது கட்டப் போனேன்டி" என்று எல்லாவற்றையும் சொன்னேன். திட்டுவாள் என்று நினைத்தேன்.

அவள் கண் கலங்கிவிட்டது. "உங்க வூட்டுல அடிக்கிற சத்தம் எத்தினியோ நாளு கேட்டிருக்குது அண்ணி. எனக்கென்னான்னு இருந்துட்டேன். முன்னயே வந்திருக்கணும்."

கோபம் போகவில்லை. வரும் வழி மட்டும் தெரிய ஆரம்பித்தது. முதலில் கழுத்து சூடாகும், பிறகு பல் இறுகும், அதன் பிறகுதான் கை ஓங்கும். கழுத்து சூடானதுமே, "முருகா, எம்மேல வழக்கு இருக்குது" என்று சொல்லிக்கொண்டு கொல்லைக்குப் போய்விடுவேன். தொட்டித் தண்ணீரில் முழங்கை வரை கையை வைத்துக்கொண்டு, இது எங்கே பிறந்தது என்று யோசிப்பேன். பெரும்பாலும் அது வீட்டில் பிறந்திருக்காது. அது அவமானமாக இருக்கும், பயமாக இருக்கும், சில நாள் வெறும் பசியாக இருக்கும். நான் எல்லாவற்றுக்கும் கோபம் என்று ஒரே பெயர் வைத்திருந்தேன்.

தினமும் வீட்டுக்கு வந்ததும் அம்பிகாவிடம் சொல்வேன்: "இன்னைக்கு அம்மாவுக்கு மனசு சரியில்ல. நீ ஒண்ணும் பண்ணல கண்ணு." அவள் பதில் பேச மாட்டாள். கார்த்திகையில் ஒருநாள் கொடியிலிருந்த துணியை எடுக்கச் சட்டென்று கையைத் தூக்கினேன். பக்கத்தில் இருந்தவள் தலையை இரண்டு கையாலும் மூடிக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். அன்று பட்ட வேதனையை எந்த எதிரிக்கும் கேட்க மாட்டேன். இனி தீராது என்றே நினைத்தேன். ஆனாலும் ஒவ்வொரு கிருத்திகைக்கும் நடந்து போய், 'அவ குரல மட்டும் குடு' என்று கேட்டுக்கொண்டிருந்தேன்.

தை பிறந்தது. பொங்கல் முடிந்து இரண்டொரு நாள் இருக்கும். நான் அரிசி களைந்துகொண்டிருந்தேன். அம்பிகா கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"ஏம்மா அன்னைக்கு என்னை அடிச்ச?"

குரல் கரகரவென்று வந்தது. நான் காத்திருந்த குரல். அது குற்றச்சாட்டாக வரும் என்று நான் நினைக்கவில்லை. கை ஈரத்தோடு அவள் முன்னால் மண்டியிட்டேன்.

"தப்பு உன்னுது இல்ல. அம்மாவுது. கம்பெனியில திட்டுனாங்க, அத உன் மேல காட்டிட்டேன்."

"நான் ஓட்டப்பந்தயத்துல ஜெயிச்சன்னு சொல்ல வந்தேன். நீ கேக்கவே இல்ல!" என்று அலறினாள். என் தோளில் குத்தினாள். குத்திக்கொண்டே அழுதாள். தெருவுக்கே கேட்டிருக்கும். வசந்தா ஓடி வந்து வாசலிலேயே நின்று முருகா, முருகா என்றாள். அத்தனை அடியையும் நான் பிரசாதமாக வாங்கிக்கொண்டேன்.

பிராது பலித்தால், அதை வாபஸ் வாங்குவதாக 'ராஜினாமா' என்று ஒரு தாள் எழுதிக் கொடுத்து வழக்கை முடிக்க வேண்டும். நான், என் கணவர், அம்பிகா, வசந்தா நால்வரும் போய் முடித்தோம்.

அம்பிகா இப்போது பத்தாம் வகுப்பு. எனக்குக் கோபம் இன்னும் வருகிறது. அவளுக்கும் வருகிறது. போன வாரம்கூட என்னோடு வாய்ச்சண்டை போட்டாள். "பேசு, நல்லா பேசு" என்று கேட்டுக்கொண்டு இருந்தேன்.

உங்கள் வீட்டிலும் உங்கள் காலடிச் சத்தம் கேட்டு ஒரு பிள்ளை பேச்சை நிறுத்துகிறதா? வெட்கப்படாமல் முருகனிடம் போங்கள். அடுத்தவர் பெயரைச் சொல்லாமல், நடந்ததை நடந்தபடி சொல்லுங்கள். நான் என்னையே காட்டிக்கொடுத்தேன். அவன் என்னைத் தண்டிக்கவில்லை. என் பிள்ளையைத் திருப்பிக் கொடுத்தான்.