சாவுக்கு ஊதாத ஜாஸ் பேண்டு

போன வாரம் தர்மபுரியில் ஒரு கல்யாண வரவேற்பு. பெங்களூரிலிருந்து வந்த சாக்சபோன்காரர் வாசிப்புக்கு நடுவே ஜாஸ் பற்றிப் பேசினார். அமெரிக்காவின் கறுப்பின மக்களிடம் பிறந்ததாம். சவ ஊர்வலத்தில் மெதுவாக ஊதிக்கொண்டு போய், அடக்கம் முடிந்ததும் துள்ளலாக ஊதிக்கொண்டு திரும்புவார்களாம். எனக்குச் சிரிப்பு வந்தது. நல்ல சிரிப்பில்லை.

அறுபதுகளில் கடத்தூரில் அப்பா பேண்டு செட் வைத்திருந்தார். கோலார் தங்கவயலில் ஏதோ கிளப் வாசலில் ஜாஸ் என்ற பெயரைப் பார்த்துவிட்டு வந்து, பெரிய டிரம்மில் 'ராயல் ஜாஸ் பேண்டு' என்று சிவப்புப் பெயிண்டில் எழுதவைத்தார். வாசித்ததெல்லாம் சினிமாப் பாட்டு. வியர்வையும் பித்தளை பாலிஷும் நாறும் பேண்டு யூனிபார்ம் கோட்டைப் போட்டுக்கொண்டால் அவருக்குத் தலைகால் புரியாது.

அந்த டிரம்முக்குத் தோல் கட்டித் தந்த மாரன் ஒருநாள் காலையில் வாசலுக்கு வெளியே நின்றார்.

"எங்க ஆத்தா செத்துப்போச்சுங்க. உங்க பேண்டுன்னா அதுக்கு உசுருங்க. ஒரே ஒரு பாட்டு ஊதுங்க."

"இது ஜாஸுடா, வெள்ளைக்காரன் சமாச்சாரம். உன் வூட்டுச் சாவுக்கு ஊதுனா எங்க பேரு என்னாவறது? போடா."

அன்றே, எந்தச் சாவுக்கும் ஊதக் கூடாது என்று செட்டுக்குச் சட்டம் போட்டார்.

சில வருஷம் கழித்து அப்பா செத்தபோது, செட்டின் கிளாரினெட்காரரை ஊதச் சொல்லி நான் கெஞ்சினேன்.

"சாவுக்கு ஊதக் கூடாதுன்னு அவருதானுங்களே சொன்னாரு" என்றார் அவர். ராயல் ஜாஸ் பேண்டின் முதலாளி சத்தமில்லாமல் சுடுகாடு போனார்.

மேடையில் சாக்சபோன்காரர் என்ன பாட்டு வேண்டும் என்று கேட்டார்.

"அந்தச் சாவுக்கு ஊதுறதையே ஊதுங்க" என்றேன்.

கல்யாண வீட்டார் திரும்பி முறைத்தார்கள், அச்சு அசல் அப்பாவைப் போலவே.