விக்ரோறியா மொழிபெயர்த்த வாக்குமூலம்

மொழிபெயர்ப்பு வேலையில் ஒரு விதி மட்டும் விக்ரோறியாவுக்கு ஆரம்பத்தில் பழகவே இல்லை. 'அவர் சொல்கிறார்' என்று பேசக் கூடாது. எதிரில் இருப்பவர் 'நான்' என்றால் அவளும் ஆங்கிலத்தில் 'நான்' என்றே சொல்ல வேண்டும். ஏழு வருஷத்தில் நெஞ்சுவலிக்காரியாகவும், விசா முடிந்த மாணவனாகவும், பெண்டாட்டியை அடித்த புருஷனாகவும் பேசிவிட்டாள். புலம்பெயர்ந்து குடியிருக்கும் ஹில்ஸ்பரோ வீட்டுக்கு வந்து முகம் கழுவினால் எல்லாம் போய்விடும்.

போன வருஷம் ஜூன் மாதம் அதே நகரத்தின் சான்ட்ரிங்ஹாம் பகுதியில், பலசரக்குக் கடை ஒன்றின் மேல்மாடியில் இருந்த சட்டத்தரணி ஒருத்தியின் அலுவலகத்துக்கு அவளைக் கூப்பிட்டார்கள். அகதி விண்ணப்பத்துக்கு வாக்குமூலம் எடுக்க வேண்டும். விண்ணப்பதாரர் ரஜிதன், நாற்பதைத் தாண்டியவர், இடது காலைச் சற்று இழுத்து நடந்தார். ஒருவரையொருவர் முன்பே தெரியுமா என்று சட்டத்தரணி வழக்கம்போலக் கேட்டாள். இல்லை என்று இருவரும் சொன்னார்கள். அது உண்மைதான்.

"இயக்கத்தில் இருந்ததை மறைத்தால் இந்தக் கேஸ் நிற்காது. நடந்ததை நடந்தபடி சொல்லுங்கள்" என்றாள் சட்டத்தரணி.

அவர் சொன்னார். பதினாறு வயதில் போராளி இயக்கத்தினர் அவரையே பிடித்துக்கொண்டு போனார்கள். காலில் ஷெல் துண்டு ஏறிய பிறகு, சண்டைக்கு உதவாதவர் என்று ஆள்சேர்ப்புக்கு மாற்றினார்கள். இரண்டாயிரத்தெட்டுத் தொடக்கத்தில் மன்னார் எல்லைக் கிராமங்களுக்கு அனுப்பினார்கள்.

"இந்தப் பக்கம் ஆமி, அந்தப் பக்கம் நாங்கள். நடுவில கிடந்த சனத்திட்ட வீட்டுக்கு ஒரு பிள்ளை கேட்டுப் போனம். பாலையடிக்குளத்தில ஒரு வீடு. தாய் தனிய நிண்டா. பொடியனைப் பாழ்கிணத்துக்குள்ள இறக்கி மேலால ஓலை போட்டிருந்தினம். அப்ப உன்னை வண்டியில ஏத்திறம் எண்டு தாயைப் பாத்துச் சத்தம் போட்டன். பொடியன் தானா ஏறி வந்தான்."

பாலையடிக்குளம் விக்ரோறியாவின் ஊர். அவள் 'நான் சத்தம் போட்டேன்' என்று ஆங்கிலத்தில் சொன்னாள். அந்த வருஷம் எத்தனையோ வீட்டில் பிள்ளைகளைக் கிணற்றுக்குள் ஒளித்தார்கள் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்.

"பேர் பதியேக்க நான் 'ரொய்ஸ்டன்' எண்டு எழுதினன். அழுதுகொண்டு நிண்டவன் எட்டிப் பாத்திட்டு, 'அண்ணை, அந்த ர இல்லை, வல்லின ற' எண்டான். வெட்டிப்போட்டுத் திருத்தினன்."

அந்த எழுத்தைப் பற்றிச் சட்டத்தரணிக்கு விளக்க வேண்டியிருந்தது. தமிழில் இரண்டு ர இருக்கிறது என்று விக்ரோறியா விளக்கினாள். றொய்ஸ்டன் அவளுடைய தம்பி. அன்றைக்கு அவள் மன்னார் டவுனில் தங்கிப் படித்துக்கொண்டிருந்தாள். சண்டையால் ஊருக்குப் போகும் பாதை பூட்டிக் கிடந்தது. தப்பி ஓடினவனைச் சுட்டாச்சு என்று இயக்கம் தாய்க்கு ஒரு வரியில் சொல்லியனுப்பியது. உடல் வரவில்லை.

சொந்தக்காரர் விஷயம் வந்தால் அந்த இடத்திலேயே நிறுத்தி வெளியேற வேண்டும். அது அவளுக்கு நன்றாகத் தெரியும். ஆனால் எழுந்தால் மிச்சக் கதையை வேறொரு மொழிபெயர்ப்பாளர்தான் கேட்பார். அவள் எழும்பவில்லை.

"அந்தப் பையனுக்கு என்ன ஆயிற்று?" என்று சட்டத்தரணி கேட்டாள்.

விக்ரோறியா அதைத் தமிழில் கேட்டாள். ஒரு சொல் கூட்டவில்லை, குறைக்கவில்லை. ரஜிதன் மேசையைப் பார்த்தபடி சொன்னார்.

"நாலாம் நாள் ஓடினான். குளக்கட்டில காவல் நிண்டது நான். ஓடினால் சுடச் சொல்லிக் கட்டளை. தலைக்கு மேலால சுட்டன். ஆமிப் பக்கமா ஓடிப் பத்தைக்குள்ள மறைஞ்சான். விழுந்திட்டான் எண்டு எழுதிக் குடுத்தன். ஒருத்தரும் தேடிப் போகேல்ல. பிறகு என்ன நடந்ததெண்டு எனக்குத் தெரியாது."

'நான் அவன் தலைக்கு மேலே சுட்டேன்' என்று விக்ரோறியா ஆங்கிலத்தில் சொன்னாள். கடைசி வரி வரைக்கும் சொல்லி முடித்துவிட்டுப் பேனாவைக் கீழே வைத்தாள்.

"இதற்கு மேல் என்னால் முடியாது. அந்தப் பையன் என் தம்பி. பெயரைச் சொன்னபோதே தெரிந்துவிட்டது. அப்போதே நிறுத்தியிருக்க வேண்டும், நிறுத்தவில்லை. அதையும் எழுதிக்கொள்ளுங்கள்" என்றாள்.

சட்டத்தரணி அதைக் குறித்துக்கொண்டாள். ஆங்கிலம் புரியாத ரஜிதன் இருவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார். அவருக்கு எடுத்துச் சொல்ல அந்த அறையில் வேறு ஆள் இல்லை.

"நான் றொய்ஸ்டன்ர அக்கா" என்றாள்.

அவர் எழுந்து நின்றார். "அம்மா இருக்கிறாவோ?" என்று கேட்டார். அவள் படியிறங்கினாள்.

காரில் ஏறி உட்கார்ந்து யோசித்தாள். தலைக்கு மேலே சுட்டேன் என்று சொல்வது அந்த மனிதருடைய வழக்குக்கு நல்லது. சுட்டே கொன்றிருந்தாலும் இதைத்தான் சொல்லியிருப்பார். தம்பி உயிர் தப்பினான் என்று சந்தோஷப்படவும் முடியவில்லை, பொய் என்று தள்ளவும் முடியவில்லை.

மொழிபெயர்ப்பு நிறுவனம் அவளை மூன்று மாதம் நிறுத்தி வைத்தது. அவள் மறுத்துப் பேசவில்லை. கேட்டதை வெளியே சொல்லக் கூடாது என்ற விதி அப்போதும் அவளைக் கட்டிப்போட்டிருந்தது. தாய் மதலேனா அதே வீட்டில், அடுத்த அறையில் படுத்திருந்தாள். சாப்பாட்டு மேசையில் தாயின் முகத்தைப் பார்க்கப் பயந்து விக்ரோறியா சமையலறையில் நின்றபடியே சாப்பிட்டாள்.

"வேலையில ஏதும் பிரச்சினையோ?" என்று கணவன் டொமினிக் கேட்டான்.

"ஓம். இப்ப ஒண்டும் கேக்காதேங்கோ."

ஆறாவது வாரம் சட்டத்தரணியிடமிருந்து கடிதம் வந்தது. வேறு மொழிபெயர்ப்பாளரை வைத்து வாக்குமூலத்தை முதலிலிருந்து எடுத்தார்களாம். றொய்ஸ்டன் பற்றிய பகுதியைக் குடும்பத்துக்குச் சொல்லலாம் என்று ரஜிதன் தானாகவே கேட்டு ஒப்பமிட்டிருந்தார். அந்தப் பகுதி மட்டும் உள்ளே இருந்தது. முதல் தடவை சொன்னதிலிருந்து எதுவும் மாறவில்லை.

அன்று பின்னேரமே தாயை உட்காரவைத்துச் சொன்னாள். மதலேனா அழுவாள் என்று நினைத்திருந்தாள். தாய்க்கு வந்தது கோபம்.

"செத்தவனுக்கெண்டு பதினேழு வருசமாப் பூசை குடுக்கிறன். இப்ப வந்து தப்பிட்டான் எண்டு சொல்லுறாய். இனி நான் என்னெண்டு நித்திரை கொள்ளுற?"

"எனக்குத் தெரியாதம்மா."

"அவன் பொய் சொல்லியிருந்தா?"

"அதுவும் தெரியாது."

நாலு நாள் தாய் அவளோடு கதைக்கவில்லை. ஐந்தாம் நாள் காலை, விக்ரோறியா தேத்தண்ணி போட்டுக்கொண்டிருக்க வந்து பக்கத்தில் நின்றாள்.

"காணாமப் போனாக்களைத் தேடிக் குடுக்கிற இடம் இருக்காமே. எழுதிப் போடு. இடது புருவத்தில தழும்பு எண்டும் எழுது."

"தழும்போ? எப்ப வந்தது?"

"நீ மன்னாரில படிக்கேக்க. ஓடிவந்து கதவு நிலையில முட்டினவன். நீ பயப்பிடுவாயெண்டு சொல்லேல்ல."

இருவருமாகச் சேர்ந்து படிவத்தை நிரப்பினார்கள். இன்றுவரை பதில் வரவில்லை. விக்ரோறியா மறுபடி வேலைக்குப் போகிறாள். ஆஸ்பத்திரி வேலைகளை மட்டும் ஏற்கிறாள். ரஜிதனின் விண்ணப்பம் என்ன ஆயிற்று என்று அவளுக்குத் தெரியாது. கேட்கும் உரிமையும் அவளுக்கு இல்லை.

நவம்பரில் இறந்தவர்களுக்கான பூசைக்கு மாதா கோயிலில் பெயர்கள் எழுதி வாங்கினார்கள். மதலேனா தன் புருஷனின் பெயரை எழுதினாள். ஒவ்வொரு வருஷமும் றொய்ஸ்டனின் பெயர் வரும் அடுத்த வரியில் பேனாவை ஊன்றினாள். பின்னாலே வரிசையில் ஆட்கள் காத்திருந்தார்கள். ஒன்றும் எழுதாமல் தாளை மடித்துக் கொடுத்துவிட்டு, விக்ரோறியாவின் கையைப் பிடித்துக்கொண்டு வெளியே வந்தாள்.