இளவரசனின் ஆன்மாவும் என் வசனமும்

டப்பிங் வசனம் எழுதுகிற தொழிலில் முதலில் பார்க்க வேண்டியது அர்த்தத்தை அல்ல, உதட்டை. திரையில் இருக்கிறவன் வாயை மூடுகிற இடத்தில் நம் வார்த்தையும் மூட வேண்டும். அவன் பேச்சை நிறுத்திய பிறகு நம் வசனம் மட்டும் ஓடிக்கொண்டிருந்தால் பார்க்கிறவர்கள் சிரிப்பார்கள். இந்த வேலையில் மாட்டிக்கொண்டவர்கள் யாராவது இதைப் படித்தால் தலையை ஆட்டுவார்கள். மீட்டிங்கில் இல்லாத ஆள்மேல் பழியைப் போட்டுவிட்டு, வீட்டுக்குப் போய்ச் சோறு இறங்காமல் உட்கார்ந்திருந்தவர்களும் படிக்கலாம். அவர்களுக்காகவும்தான் எழுதுகிறேன்.

நான் புனேயிலேயே பிறந்து வளர்ந்தவன். அம்மா தமிழ் பைபிளை வைத்து எழுத்துக்கூட்டச் சொல்லிக்கொடுத்ததால், கன்டோன்மென்ட் பக்கத்தில் எங்கள் தெருவில் தமிழ் எழுதத் தெரிந்த இரண்டு மூன்று பேரில் நானும் ஒருவன். ஐம்பது வயதில் ஆபீஸ் வேலை போனபோது, அந்த ஒரே தகுதியை வைத்து ஒரு சின்ன டப்பிங் ஸ்டுடியோவில் சேர்ந்தேன். எனக்குக் கொடுத்தது செல்போனில் பார்க்கிற ஒரு வெளிநாட்டுத் தொடர். எபிசோடுக்கு ஐந்து நிமிஷம், மொத்தம் நூறு எபிசோட். ரத்தம் குடித்துக்கொண்டு முந்நூறு வருஷமாகச் சாகாமல் இருக்கிற ஒரு இளவரசன். ஒரு சூனியக்காரி அவனுடைய ஆன்மாவைப் பிடுங்கிவிடுகிறாள். அது இல்லாத காலத்தில் கண்ணில் பட்டவர்களையெல்லாம் கொல்கிறான். திரும்பக் கிடைத்ததும் நல்லவனாகி, 'அதைச் செஞ்சது நான் இல்ல' என்று அழுகிறான். அவன் கொன்ற ஒருவருடைய மகளையே காதலிக்கவும் செய்கிறான்.

இட்லிச் சட்டி

ஆங்கில வசனத்தில் இருந்த 'சோல்' என்ற அந்த ஒரு வார்த்தைக்குத் தமிழில் என்ன போடுவது என்று இரண்டு நாள் யோசித்தேன். பைபிள் பழக்கத்தில் 'ஆவி' என்று எழுதிக் கொடுத்தேன். இளவரசனுக்குக் குரல் கொடுத்தவர் குமரேசன். திருவண்ணாமலைப் பக்கத்துக்காரர், ரஞ்சன்காவில் ஒரு தொழிற்சாலையில் மெஷின் ஓட்டுகிறவர், முதல் ஷிஃப்ட் முடித்துவிட்டு ஸ்டுடியோவுக்கு வருவார். 'என் ஆவியை அவள் எடுத்துக்கொண்டாள்' என்று கண்ணாடி அறைக்குள் நின்று உருக்கமாகப் பேசினார். இரண்டாவது தடவை பேசும்போது சிரித்துவிட்டார்.

'உயிர்' என்று மாற்றினேன். உயிர் போனவன் எப்படிப் பேசுகிறான் என்று எனக்கே சந்தேகம் வந்தது. 'மனசாட்சி' உதட்டில் உட்காரவில்லை. கடைசியில் 'ஆன்மா' என்று முடிவு செய்து, வேதத்திலேயே இருக்கிற 'ஆவி'யைப் பார்த்துச் சிரிக்கிறாரே என்று குமரேசனிடம் கொஞ்சம் முறைப்பாகவே காகிதத்தை நீட்டினேன். அவர் பணிவாக வாங்கிக்கொண்டு சொன்னார்: "தப்பா எடுத்துக்காதீங்க சார். ஆவி போயிடுச்சுன்னா எனக்கு இட்லி வெந்துடுச்சுன்னுதான் தோணுது."

குலசாமி

இளவரசனின் இனத்துக்கு நான் 'ரத்தக் காட்டேரி' என்று பெயர் வைத்திருந்தேன். பத்திரிகைகளில் படித்த வார்த்தை. ஐந்தாவது எபிசோடில் ஒரு பாதிரியார், 'காட்டேரிக்கு ஆன்மா கிடையாது, அதற்கு நல்லது கெட்டது தெரியாது' என்று சொல்ல வேண்டும். அந்தச் சின்ன வேடத்தையும் குமரேசனே பேசுவதாக ஏற்பாடு. அவர் பேசவில்லை. தண்ணீர் குடித்தார், மைக்கைச் சரிசெய்தார், பிறகு வெளியே வந்தார்.

"காட்டேரி எங்க வீட்டுச் சாமி சார்" என்றார். அவர் வீட்டில் பெண்கள் கர்ப்பமானால் கருவாடும் முருங்கைக்கீரையும் வைத்துப் படைப்பார்களாம். அவருடைய மகள் பிறப்பதற்கு முன்பு, இங்கே வாடகை வீட்டின் சமையலறையிலேயே அவர் மனைவி படைத்தாராம். எனக்கு இது தெரியாது. தெரியாததை ஒப்புக்கொண்டிருக்கலாம். நான், "இது கதைதானே, நீங்க ஏன் மனசுல போட்டுக்கறீங்க" என்றேன். என் சாமியைப் பற்றி யாராவது இப்படிச் சொன்னால் நான் அந்த ஸ்டுடியோ படியை மிதித்திருக்க மாட்டேன். அவர் குரலை உயர்த்தவே இல்லை.

"எங்க சாமிக்கு ஆன்மா கிடையாதுன்னு என் வாயாலயே சொல்லச் சொல்றீங்களே சார். எங்கள ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமில்ல?"

அன்றிலிருந்து 'வாம்பயர்' என்றே போட்டோம். பார்க்கிற பிள்ளைகளுக்கு அது நன்றாகவே புரிந்தது.

ஒரே குரல்

நாற்பத்தைந்தாவது எபிசோடில் இளவரசன் மறுபடியும் ஆன்மாவை இழக்கிறான். அதே முகம், அதே சட்டை, ஆனால் காதலியின் கழுத்தையே நெரிக்கிறான். காதலிக்குக் குரல் கொடுத்தவள் ஜெயந்தி, இங்கேயே கட்கியில் பிறந்த கல்லூரிப் பெண். அவளுக்குத் தமிழ் படிக்க வராது என்பதால் வசனங்களை இந்தி எழுத்தில் எழுதிக் கொடுப்பேன். அவள் காகிதத்தை வைத்துக்கொண்டு, "அங்கிள், இவனுக்கு எல்லாமே ஞாபகம் இருக்கு இல்ல? என் பேர்கூடத் தெரியுது. அப்போ எப்படி வேற ஆள் ஆவான்?" என்று கேட்டாள். நான் பெரிய மனுஷனாக விளக்கினேன். ஆன்மாதான் ஆள், உடம்பு வெறும் சட்டை, அது போனால் உள்ளே இருப்பவன் வேறொருவன், அவன் செய்த பாவம் இவனைச் சேராது என்றெல்லாம். குமரேசனிடம், இந்த எபிசோடுகளுக்குக் குரலை மாற்றி, கட்டைக் குரலில் பேசச் சொன்னேன். அவர் மாற்ற மாட்டேன் என்றார்.

"ஏன்?"

"எங்கண்ணன் குடிக்கிற ஆளு சார். குடிச்சா அவன் வேற ஆளுன்னு எங்கம்மா சொல்லும். அடி வாங்குனது நானு. பேரு சொல்லிக் கூப்புட்டுத்தான் அடிப்பான். அதே குரலு, அதே கைதான்."

பதினொன்றாம் எபிசோட்

எழுபதாவது எபிசோடில் இளவரசனுக்கு விசாரணை. காதலி அவனுக்காக வாதாடுகிறாள். 'என் அப்பாவைக் கொன்றபோது தனக்கு ஆன்மா இல்லை என்று இவன் என்னிடம் முதலிலேயே சொல்லிவிட்டான், அதனால்தான் மன்னித்தேன்' என்கிறாள். அந்த எபிசோட் வெளியானதும் தமிழில் பார்க்கிறவர்கள் திட்ட ஆரம்பித்தார்கள். அவன் எப்போது சொன்னான்? பதினொன்றாம் எபிசோடில் தமிழ் இளவரசன் சொன்னது இவ்வளவுதான்: 'உங்கப்பாவைக் கொன்னது நான்தான்.'

விட்டது நான். அந்த இடத்தில் அவன் வாய் சீக்கிரம் மூடிவிடுகிறது. வசனம் நீளமாக இருந்தது, 'அப்போ எனக்கு ஆன்மா இல்ல' என்கிற வாலை வெட்டிவிட்டேன். ரெக்கார்டிங் அன்று குமரேசன், "ஏதோ விட்டுப்போன மாதிரி இருக்குதே சார்" என்று கேட்கவும் செய்தார். எழுதியிருப்பதைப் படியுங்கள் என்று சொன்னேன். இத்தனையும் எனக்கு நன்றாக ஞாபகம் இருந்தது.

மும்பையிலிருந்து அந்தத் தொடரின் கம்பெனிக்காரப் பெண்மணி வீடியோ மீட்டிங்கில் வந்தார். ஸ்டுடியோவில் ரெக்கார்டிங்கை நடத்துகிற அஸ்மிதா என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். மராத்திப் பெண், தமிழ் தெரியாது, என்னைச் சித்தப்பா முறை வைத்துக் 'காகா' என்று கூப்பிடுவாள். குமரேசன் ஷிஃப்டில் இருந்தார். இது யாருடைய தவறு என்று அந்தப் பெண்மணி கேட்டதும், "நான் முழுசாத்தான் எழுதியிருந்தேன். மைக்கில் மாத்திப் பேசியிருப்பார். அவருக்கு அந்தப் பழக்கம் உண்டு" என்று என் வாய் இந்தியில் சொன்னது. என் வாய் என்று எழுதுகிறேன் பாருங்கள், இன்னும் அந்தப் புத்தி போகவில்லை. நான் சொன்னேன். மத்தியானமே கம்ப்யூட்டரில் பதினொன்றாம் எபிசோடின் வசனத்தைத் திறந்து, விட்டுப்போன வரியைச் சேர்த்துச் சேமித்தும் வைத்தேன். குமரேசனை நீக்கச் சொல்லி மும்பையிலிருந்து சாயங்காலம் தகவல் வந்தது. அஸ்மிதா அவருக்குப் போன் போடுவதற்கு முன் என்னை ஒரு தடவை திரும்பிப் பார்த்தாள்.

"காகா, நீங்க சொல்றதாலதான் கூப்பிட்டுச் சொல்றேன்."

பாராட்டு

எழுபத்தொன்றாம் எபிசோடில் இளவரசனுக்கு ஆன்மா திரும்பக் கிடைக்கிறது. அதிலிருந்து புதுப் பையன் ஒருவன் பேசினான். மென்மையான குரல். குரல் மாறியதற்காகத் திட்டு விழும் என்று பயந்துகொண்டிருந்தோம். நடந்தது வேறு. ஆன்மா வந்ததும் குரலே மாறிவிட்டது, என்ன நுணுக்கம் என்று மக்கள் எழுதித் தள்ளினார்கள். மற்ற மொழிகளில்கூட இப்படிச் செய்யவில்லையாம்.

இரண்டு குரல் வேண்டும் என்று நான் முன்பு சொன்னதை யாரோ மும்பைக்குச் சொல்லியிருக்கிறார்கள். அதே பெண்மணி மறுபடியும் வீடியோவில் வந்தார். எல்லோரும் கை தட்டினார்கள். நானும் சிரித்தேன். குமரேசன் ஏன் போனார் என்று அந்த அறையில் சொல்ல வேண்டிய ஒரே ஆள் நான். எனக்கு அன்று கிடைத்த கேக்கைக் காகிதத்தில் சுற்றி எடுத்துக்கொண்டு வந்து, பஸ்ஸில் பக்கத்திலிருந்த குழந்தைக்குக் கொடுத்துவிட்டேன். அந்தப் பெண்மணி சொன்னது இன்றும் காதில் இருக்கிறது.

"ஆன்மாவைப் பத்தி இவ்வளவு ஆழமா யோசிக்கிற ஆள் எங்களுக்குக் கிடைச்சது அதிர்ஷ்டம்."

வாகோலி

தொடர் முடிந்தது. ஸ்டுடியோவில் அடுத்த தொடர் ஆரம்பித்தது. குமரேசனின் நம்பரை எடுப்பேன், வைத்துவிடுவேன். அவரும் கூப்பிடவில்லை, ஒரு வார்த்தை கேட்கவில்லை. திட்டியிருந்தால் நானும் பதிலுக்கு ஏதாவது சொல்லி மனதைத் தேற்றியிருப்பேன். நான்கு மாதம் கழித்து, ஒரு செவ்வாய்க்கிழமை, ரஞ்சன்காவ் கம்பெனி பஸ் முதல் ஷிஃப்ட் ஆட்களை இறக்கிவிடுகிற நேரமாகப் பார்த்து, அவர் குடியிருக்கிற வாகோலியில் போய் நின்றேன். நீலச் சட்டையும் டிபன் பையுமாக இறங்கினார். என்னைப் பார்த்ததும், "என்ன சார் இந்தப் பக்கம், வாங்க டீ சாப்பிடலாம்" என்றார். வீட்டில் எல்லோரும் சௌக்கியமா என்று விசாரித்தார்.

டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்ததும் நான் வழியெல்லாம் தயார் செய்து வைத்திருந்ததைச் சொன்னேன். வேலை போய்விடுமோ என்ற பதற்றம், பிளட் பிரஷர் வேறு, என்ன பேசுகிறோம் என்றே தெரியவில்லை என்று அடுக்கினேன். "அன்னைக்கு அப்படிப் பேசினது நானே இல்லப்பா, குமரேசா" என்று முடித்தேன். அவர் டீயை ஆற்றிக்கொண்டே கேட்டுவிட்டுச் சொன்னார். கோபமாக இல்லை. ரெக்கார்டிங்கில் வசனம் சரியாக வராதபோது சொல்வாரே, அந்தத் தொனி.

"அந்த வசனத்தை எழுபது எபிசோட் நான் பேசிட்டேன் சார். நீங்க உங்க வசனத்தைச் சொல்லுங்க."

தெரிந்தவர்கள்

சொன்னேன். பயந்துவிட்டேன், தெரிந்தேதான் உன் பேரைச் சொன்னேன், நீ அங்கே இல்லாதது வசதியாக இருந்தது. மூன்று வரிதான். அவர் டிபன் பையை எடுத்துக்கொண்டு, பொண்ணுக்கு டியூஷன் இருக்கிறது என்று எழுந்து போனார்.

மறுநாள் காலையில் அஸ்மிதாவிடம் எல்லாவற்றையும் சொல்லி, மும்பைக்கு நானே மெயில் எழுதுகிறேன் என்றேன். அவள் ஆச்சரியப்படவில்லை. நான் அந்த வசனத்தைத் திருத்திய தேதியும் நேரமும் கம்ப்யூட்டரில் பதிவாகியிருந்ததை இரண்டே வாரத்தில் பார்த்துவிட்டாளாம். குமரேசனைக் கூப்பிட்டுச் சொல்லியிருக்கிறாள். மும்பைக்குத் தெரிவிக்கட்டுமா என்று கேட்டதற்கு அவர் வேண்டாம் என்று சொல்லிவிட்டார். ஆக, வாகோலியில் நான் பிளட் பிரஷரைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தபோது அவருக்கு எல்லாம் தெரியும். நான்கு மாதமும் தெரியும். ஏன் வேண்டாம் என்றார் என்று கேட்டேன். அஸ்மிதா அவர் பேசிய இந்தியிலேயே அப்படியே சொல்லிக் காட்டினாள். நான் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"'அவரா வந்து சொல்வாரு மேடம். நல்ல மனுஷன். கொஞ்சம் டைம் குடுங்க.'"

மெயில் அனுப்பினேன். மும்பையில் யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. தொடர்தான் நன்றாக ஓடிவிட்டதே. என் வேலையும் போகவில்லை, அது இன்னும் கூச்சமாக இருந்தது. இரண்டு மாதம் கழித்து அஸ்மிதா ஒரு போலீஸ் தொடருக்குக் குமரேசனைக் கூப்பிட்டாள். வந்தார். இப்போது வாராந்திர விடுமுறை நாளில் வந்து பேசிவிட்டுப் போகிறார். என்னிடம் மரியாதையாகத்தான் இருக்கிறார். ஆனால் நான் கொடுக்கிற ஒவ்வொரு காகிதத்தையும் பேசுவதற்கு முன் செல்போனில் படம் எடுத்து வைத்துக்கொள்கிறார், நானும் அவர் எடுத்து முடிக்கும் வரை காகிதத்தை நேராகப் பிடித்துக்கொண்டு நிற்கிறேன்.

ஆன்மா இல்லாதவன்தான் கெட்டது செய்வான் என்று நூறு எபிசோட் எழுதிய எனக்கு, அந்த மீட்டிங் அன்று ஆன்மா முழுசாக உள்ளேயேதான் இருந்தது, ஒரு வார்த்தையும் பேசாமல்.