கடிக்காத பூட்ஸ்

புது பூட்ஸ் என் காலைக் கடிக்கவே இல்லை என்று ஆபீஸ் முழுக்கப் பீற்றிக்கொண்டு திரிந்தேன். செருப்பு கடிக்கவில்லை என்று கொண்டாடிய மடையன் உலகத்தில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

வேட்டைக்கும் எனக்கும் ஸ்நானப் பிராப்திகூடக் கிடையாது. நியூசிலாந்தில், ஆக்லாந்து நகர மையத்தில் ஒரு ஆபீஸில் கம்ப்யூட்டரைக் கட்டிக்கொண்டு அழுகிறவன் நான். பக்கத்து மேசைக்காரர் யாழ்ப்பாணத்துக்காரர், என்னைவிடப் பத்து வயது மூத்தவர். எல்லோரையும் போல நானும் அவரை அண்ணை என்றுதான் கூப்பிடுவேன். துப்பாக்கி லைசென்ஸ், வேட்டை லைசென்ஸ், பழக்கிய நாய் எல்லாம் வைத்திருக்கிறார். குளிர்காலம் வந்தால் சனிக்கிழமை தவறாமல் வடக்கே ஒரு நண்பரின் பண்ணைக்குப் போய், மேட்டுக்காட்டில் காடையும் ஃபெசன்ட் என்கிற காட்டுக்கோழியும் சுட்டுக்கொண்டு வருவார்.

எனக்கு எட்டு வருஷமாகச் சுகர். தினமும் நட என்று டாக்டர் சொல்லிச் சொல்லி ஓய்ந்துவிட்டார். அண்ணைதான், வேட்டையில் சுடுவது கொஞ்சம், நடப்பதுதான் அதிகம், சும்மா கூட வா என்று இழுத்தார். நான் சுடப் போவதில்லை, பையைத் தூக்கிக்கொண்டு வந்தால் போதும் என்று பேச்சு. வீட்டில் மனைவி சுத்த சைவம். நடப்பது நல்லதுதான் என்று அரைமனசாக ஒப்புக்கொண்டாள். அப்படியே அந்தக் கால் பரிசோதனைக்கும் போய்விட்டு வாருங்கள் என்றாள். சுகர்க்காரர்களின் பாதத்தைச் சோதிக்க கிளினிக்கிலிருந்து இரண்டு முறை மெசேஜ் வந்திருந்தது. என் காலில் என்ன கேடு, நன்றாகத்தானே நடக்கிறேன் என்று எரிந்து விழுந்தேன். அதோடு அந்தப் பேச்சு முடிந்தது.

பூட்ஸ் வாங்க அண்ணையும் கூட வந்தார். மத்தியானத்துக்கு மேல்தான் போக வேண்டும், காலையில் கால் வீங்கியிருக்காது, அளவு ஏமாற்றிவிடும் என்றார். தடிமனான கம்பளி சாக்ஸையும் கையோடு கொண்டுவரச் சொன்னார். கணுக்காலுக்கு மேலே ஏறும் தோல் பூட்ஸ் ஒன்று பிடித்துப்போனது. கடையில் சின்னதாக ஒரு சரிவு மேடை இருந்தது. அதில் என்னை இறங்கச் சொல்லிவிட்டு, விரல் முன்னால் இடிக்கிறதா என்று கடைப் பெண் கேட்டாள். இல்லை என்றேன். குதிகால் தூக்குகிறதா? இல்லை. எங்காவது அழுத்துகிறதா? இல்லவே இல்லை. விசா இன்டர்வியூவில் சொல்வது போல எல்லாவற்றுக்கும் டக்டக்கென்று பதில் சொன்னேன். உண்மையில் எனக்கு எதுவுமே தெரியவில்லை. நல்ல பூட்ஸ் என்றால் அப்படித்தான் இருக்கும் போல என்று நினைத்துக்கொண்டேன்.

முதல் தடவை பண்ணைக்குப் போய் நாள் முழுக்க நடந்து திரும்பியபோது, என் காலைப் பார்த்து அண்ணை அசந்துபோனார். அவருடைய பூட்ஸ் புதிதாக இருந்தபோது ஒரு மாதம் இரண்டு குதிகாலும் தோல் உரிந்து கிடந்ததாம். எனக்கு ஒரு கொப்புளம்கூட இல்லை. தலைகால் புரியவில்லை எனக்கு.

பூட்ஸைப் பராமரிக்கவும் அவர்தான் சொல்லிக்கொடுத்தார். திரும்பியதும் பிரஷ்ஷால் சேற்றைத் தேய்த்துக் கழுவ வேண்டும், இல்லாவிட்டால் ஒரு காட்டின் மண்ணும் நோயும் இன்னொரு காட்டுக்குப் போய்விடும். உள்ளே கிடக்கும் மெத்தையை உருவிவிட்டுச் செய்தித்தாளைக் கசக்கித் திணிக்க வேண்டும். ஹீட்டர் பக்கம் காட்டவே கூடாது, தோல் வெடித்துவிடும். நன்றாகக் காய்ந்த பிறகு மெழுகை விரலால் சூடேறத் தேய்க்க வேண்டும். எல்லாம் வீட்டுக்குள், துணி துவைக்கும் லாண்டரி அறையில் வைத்து. வெளியே வைத்தால் பூச்சி பொட்டு ஏறும் என்றார். "சப்பாத்தைக் கவிட்டுத் தட்டிப்போட்டு, கையை விட்டுப் பாத்திட்டுத்தான் காலை விடவேணும் தம்பி. உள்ளுக்க வேட்டா இருக்கும்" என்றார். வேட்டா என்பது இந்த ஊரில் விரல் நீளத்துக்கு வளரும் ஒரு முரட்டுப் பூச்சி. வேட்டாவாவது வெண்டைக்காயாவது என்று சிரித்துவிட்டேன்.

மனைவியிடம் லாண்டரி என்ற பேச்சை எடுத்ததும் வீடு இரண்டாகிவிட்டது. செருப்பே வாசலைத் தாண்டி வராத வீடு இது. இதில் செத்த பறவையின் ரத்தம் சொட்டின பூட்ஸா? "அந்தக் கருமத்தை உள்ள கொண்டு வந்தீங்கன்னா நான் வெளிய போயிடுவேன்" என்றாள். சரி, போகட்டும் என்று வாசலில் வைக்க ஒரு செருப்பு ஸ்டாண்டு வாங்கினேன். பெட்டியைப் பிரித்து நாமே ஸ்க்ரூ போட்டுப் பூட்டிக்கொள்ளும் வகை அது. ஒரு வெள்ளிக்கிழமை லீவு போட்டு, வாசற்படியில் உட்கார்ந்து அதைப் பூட்டினேன். பக்கத்தில் மெழுகு தடவிய பூட்ஸ் வாயைத் திறந்துகொண்டு காய்ந்தது. கடைசியில் பார்த்தால் ஒரு ஸ்க்ரூ குறைகிறது.

எனக்கு வந்த கோபம் இருக்கிறதே! மண்டியிட்டு வாசல் பூராவும் தடவினேன். மிதியடியை உதறினேன். பிறகு கடைக்குப் போன் போட்டு, எண்ணிப் போடத் தெரியாதவர்கள் எதற்கு வியாபாரம் செய்கிறீர்கள் என்று கால் மணி நேரம் வாங்கு வாங்கென்று வாங்கினேன். எதிர்முனையில் பேசிய பெண் பாவம், மன்னிப்புக் கேட்டு, தபாலில் இன்னொன்று அனுப்புவதாகச் சொன்னாள்.

மறுநாள் விடிய அண்ணையின் வேன் வந்து ஹார்ன் அடித்தது. அவசரத்தில் பூட்ஸை மாட்டி, லேஸை இறுக்கிக் கட்டிக்கொண்டு ஓடினேன். தட்டிப் பார்க்கவில்லை. கையை விட்டும் பார்க்கவில்லை.

அன்று ஆறு மணி நேரம் நடந்தோம். முள்புதர் அடர்ந்த மேடு, இறங்கினால் சதுப்பு, மறுபடி மேடு. நாய் திடீரென்று ஒரு முன்னங்காலைத் தூக்கிக்கொண்டு அசையாமல் நிற்கும். புதரிலிருந்து பறவை படபடவென்று எழும்பும், அண்ணை சுடுவார், நான் பையைத் திறந்து பிடிப்பேன். வழியெல்லாம் என் பூட்ஸ் புராணம்தான். மத்தியானம் ஒரு ஓடையைத் தாண்டிய பிறகு வலது பூட்ஸ் சளக் சளக் என்றது. தண்ணீர் புகாது என்று சத்தியம் செய்து விற்றார்களே, திங்கட்கிழமை அந்தக் கடைக்கும் போன் போட வேண்டும் என்று மனதுக்குள் கறுவிக்கொண்டே நடந்தேன்.

வேனின் பின்கதவைத் திறந்து வைத்து, அதில் உட்கார்ந்து பூட்ஸைக் கழற்றினேன். சாம்பல் நிற சாக்ஸின் பாதி கறுஞ்சிவப்பாக இருந்தது. அண்ணைதான் முதலில் பார்த்தார்.

"இது பறவையின்ர ரத்தமே?"

ஆமா, பையிலிருந்து சொட்டியிருக்கும் என்றேன். சொல்லும்போதே, பூட்ஸுக்குள் எப்படிச் சொட்டும் என்று தோன்றியது. அண்ணை குனிந்து என் காலைத் தூக்கித் தன் தொடைமேல் வைத்துச் சாக்ஸை உருவினார். அது வரவில்லை. எங்கோ மாட்டியிருந்தது. பெருவிரலுக்குக் கீழே, பாதம் மேடாக இருக்கும் இடத்தில், தட்டையான தலையோடு ஒரு ஸ்க்ரூ சாக்ஸோடு சேர்த்து உள்ளே இறங்கியிருந்தது. நான் வாசல் முழுக்கத் தேடின ஸ்க்ரூ.

அண்ணையின் விரல் அதைத் தொட்டு அசைத்துக்கொண்டிருந்தது, எனக்கு ஒன்றுமே தெரியவில்லை. வேறு யாருடைய காலையோ பார்ப்பது போல நான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"தம்பி, உமக்கு நோகேல்லையே?" என்றார். அவர் முகம் வெளுத்திருந்தது.

இல்லை என்று தலையை ஆட்டினேன். ஆறு மணி நேரம். ஐயோ, ஆறு மணி நேரம் அதன்மேல் நடந்திருக்கிறேன். அண்ணை நேராக ஆஸ்பத்திரியில் கொண்டுபோய் இறக்கினார். மனைவி அங்கே வந்து சேர்ந்தாள். எலும்புவரை சீழ் போனால் விரலை எடுக்க வேண்டியிருக்கும், ஏன் பாதத்தையேகூட, என்று டாக்டர் தணிந்த குரலில் சொன்னார். மனைவி அப்போது அழவில்லை. சுவரில் ஒட்டியிருந்த ஏதோ அறிவிப்பைத் திரும்பத் திரும்பப் படித்துக்கொண்டிருந்தாள்.

புண்ணைக் கழுவிக் கட்டிய பிறகு, பாதப் பரிசோதனை செய்யும் பெண் வந்தார். நான் இரண்டு முறை தட்டிக் கழித்த அதே பரிசோதனை. மெல்லிய நைலான் இழை ஒன்றைக் காட்டி, இதால் இடது காலைத் தொடுவேன், கண்ணை மூடிக்கொண்டு, தொடும்போதெல்லாம் யெஸ் சொல்லுங்கள் என்றார். புண் இல்லாத கால் அது. நான் கண்ணை மூடிக்கொண்டு காத்திருந்தேன். வெளியே ஏதோ தள்ளுவண்டி உருண்டு போனது. இன்னும் காத்திருந்தேன். பொறுமை போய், எப்போது ஆரம்பிப்பீர்கள் என்று கேட்டபடி கண்ணைத் திறந்தேன்.

அந்தப் பெண் இழையை மேசைமேல் வைத்துவிட்டிருந்தார். மனைவி என் பாதத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"முடிஞ்சிருச்சுங்க" என்றாள். "பத்துத் தடவை தொட்டாங்க."

விரல் போகவில்லை. பத்து வாரம் கட்டுப் போட்டுப் புண் ஆறியது. சுகரால் போன உணர்ச்சி மட்டும் திரும்பாது என்றார்கள். இருப்பதைக் காப்பாற்றிக்கொள்ள வேண்டியதுதான்.

வாசல் ஸ்டாண்டில் இப்போது என் பொருள் எதுவும் இல்லை. பூட்ஸ், ஷூ, செருப்பு எல்லாவற்றையும் மனைவியே வீட்டுக்குள் கொண்டுவந்துவிட்டாள். லாண்டரியில் சாமி படக் காலண்டருக்கு நேர் கீழே அந்த வேட்டை பூட்ஸ் இருக்கிறது. சனிக்கிழமை விடியற்காலையில் அதைக் கவிழ்த்துத் தட்டி, முழங்கைவரை கையை உள்ளே விட்டு, விரல் முனை போகும் இடமெல்லாம் துழாவுகிறாள். அப்புறம் தரையில் உட்கார்ந்து என் காலில் மாட்டி லேஸைக் கட்டுகிறாள்.

"கடிக்குதாங்க?" என்று நிமிர்ந்து கேட்கிறாள். கொஞ்சமாவது கடிக்காதா என்று ஒவ்வொரு தடவையும் எழுந்து நின்று அழுத்திப் பார்க்கிறேன். இல்லை என்கிறேன்.